காது வேணும் மாமா!

நடுவே ஒலியை மாற்றித் தரும் ஒரு குட்டிப் பெட்டியை வைத்து, புது டிவியின் டிஜிட்டல் வயரைப் பழைய ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துவிட்ட மாப்பிள்ளைக்குத் தரையில் கால் பாவவில்லை.

"அடடா, தியேட்டர்ல உக்காந்த மாதிரி இருக்கு!" என்றார்கள் விருந்தாளிகள்.

மாமனார் மட்டும் தயங்கினார். "முன்ன கேட்ட அதே சத்தம்தானே மாப்பிள்ளை?"

"இதுக்கெல்லாம் காது வேணும் மாமா!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

சத்தத்தைக் கூட்டிக் காட்ட ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினார் மாப்பிள்ளை. ஏறவில்லை. டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வயரின் நுனியிலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலே செருகியிருந்தார். இத்தனை நேரம் பாடியது டிவிதான். ஆம்ப்ளிஃபயர் வாயே திறக்கவில்லை.

திரும்பிப் பார்க்கக் கூசியது.

முதுகுக்குப் பின்னால் மாமனாரின் குரல் கேட்டது.

"நீங்க சொன்னது சரிதான் மாப்பிள்ளை. இப்பத்தான் எனக்கும் வித்தியாசம் தெரியுது."