பதினோராவது கேள்வி

மேசையின் தலைப்பக்கம் டாக்டரம்மா, ஜன்னலோரம் புள்ளிவிவரக்காரர், கதவருகே எழுத்தர். நாள்பட்ட நோயாளிகளின் இயலாமையை அளக்கும் முப்பது கேள்விகளைப் பத்தாகக் குறைக்கும் வேலை. எல்லோரும் ‘முடியும்’ என்றே சொல்லும் கேள்வியால் பயனில்லை என்று அடித்துவிடுவார்கள்.

போன வாரம் பொத்தான் போடும் கேள்வியை அடித்தார்கள். மூட்டுவாதத்தோடு வீட்டிலிருக்கும் எழுத்தரின் அக்காவுக்கு அன்று மாலையே பொத்தான் போட வரவில்லை. நேற்று டம்ளர் பிடிக்கும் கேள்வி போனது. அக்காவின் கையிலிருந்து டம்ளர் நழுவியது.

இன்று அடிக்க எடுத்த கடைசிக் கேள்வி: ‘வீட்டில் இருப்பவர்களை அடையாளம் தெரிகிறதா?’

“இது ஒண்ணாவது இருக்கட்டுமே சார்,” என்றார் எழுத்தர்.

“எல்லாருக்கும்தான் தெரியுதே! இதென்ன கல்யாணப் பத்திரிகையா, ஒருத்தரையும் விடக்கூடாதுன்னு?” என்று சிரித்தார் புள்ளிவிவரக்காரர். டாக்டரம்மா சிவப்பு மையால் கோடு கிழித்தார்.

எழுத்தர் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

“அக்கா, சாப்டியா?”

“சாப்டேங்க,” என்றாள் அக்கா, மரியாதையாக. “நீங்க யாரு பேசறீங்க?”

அவர் இருக்கைக்குத் திரும்பினார். அச்சகத்துக்கான கடிதத்தில் பத்துக் கேள்விகளுக்குக் கீழே, பதினோராவதாக அந்தக் கேள்வியைத் தன் கையாலேயே எழுதினார். மறுபடி போன் போட மனம் துணியவில்லை. உறையை ஒட்டி, தபாலில் சேர்த்தார்.