நான்காவது கரு

வேலை நாளில் மகள் வீடு தேடி வந்து நின்றதே அம்மாவுக்கு ஆச்சரியம். உட்கார்ந்ததும் கேட்டாள்.

“அம்மா, நான் பொறக்கறதுக்கு முன்னால லேப்ல எத்தனை கரு உருவாக்கி வெச்சிருந்தாங்க?”

“அஞ்சு. சோதிச்சுப் பார்த்து ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். நீ சொக்கத் தங்கம்டி! ஏன், ஏதாவது விசேஷமா?”

“இல்லம்மா. நாலாவதை ஏன் வேண்டாம்னீங்க?”

அம்மாவின் சிரிப்பு மறைந்தது. “அதுக்கு உன் அத்தையோட வியாதி இருந்துச்சு. முப்பது வயசுலயே அவங்களுக்கு ஞாபகம் போய், பெத்த புள்ளையையே யாருன்னு கேட்டாங்க. அப்படி ஒரு குழந்தை வேணவே வேணாம்னு நான்தான் டாக்டர்கிட்ட அடிச்சுச் சொன்னேன்.”

மகள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“போன வாரம் ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு வழி தெரியாம ரோட்ல நின்னேம்மா. பயந்துபோய் டெஸ்ட் எடுத்தேன். அதே வியாதிதான். அப்புறம் ஆஸ்பத்திரியில பழைய ஃபைலைத் தேடிப் பார்த்தாங்க. அன்னிக்குக் கருவை மாத்தி வெச்சுட்டாங்களாம். நாலாவது நான்தான்.”

அம்மா அந்தக் காகிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“இப்பவும் வேண்டாம்னு சொல்லிடாதம்மா” என்றாள் மகள்.