விரல்கள் நின்ற இடம்

பச்சைத் திரை வழியே இறங்கும் மாலை வெயிலில் இயற்கை மருத்துவ நிலையத்தின் மசாஜ் அறை குளத்தடி போல மங்கியிருக்கிறது. தோள்வலி என்று வந்த தையல்காரி மேசையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். "இப்படி ராஜ உபசாரம் பண்ணினா வலி எங்க போகும் அண்ணி? நிரந்தரமா குடியேறிடும்" என்கிறாள் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார். தையல்காரியின் முதுகு சிரிப்பில் குலுங்குகிறது. வெதுவெதுப்பான எண்ணெயோடு சிகிச்சைக்காரியின் விரல்கள் தோளிலிருந்து அக்குளுக்கு இறங்கி, அங்கே நின்றுவிடுகின்றன. மறுபடி அதே இடத்தை மெதுவாக அழுத்துகின்றன.

"அக்கா, இங்க ஒரு கட்டி இருக்கே, தெரியுமா?"

தையல்காரியின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கிறாள். தோலுக்கடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஏதோ கெட்டியாக, நகராமல் இருக்கிறது. தையல்காரி விரலை எடுக்காமலே கேட்கிறாள்.

"எண்ணெய் தேச்சாக் கரைஞ்சிடாதா?"

"இதத் தேய்க்கக் கூடாதுக்கா. டாக்டரம்மாவக் கூப்பிடுறேன்."

டாக்டர் வந்து தொட்டுப் பார்க்கிறார். பயப்படாதீங்க என்று அவர் சொல்லவில்லை. "நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரில ஸ்கேன் எடுத்துடலாம். நானே பேசி வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போகிறார்.

நாத்தனார் எழுந்து வந்து சட்டையை விரித்துப் பிடிக்கிறாள். "கையக் குடுங்க அண்ணி." தோளில் இப்போது வலி துளியும் இல்லை. ஆனால் தையல்காரி கையைத் தூக்கவில்லை. உடம்போடு ஒட்டி இறுக்கி வைத்திருக்கிறாள், கொஞ்சம் விட்டாலும் அந்தக் கட்டி வளர்ந்துவிடும் என்பதுபோல.