கடைசிப் பக்கத்து டிராகன்

கடைசிப் பக்கத்தைக் காணோம். இந்தப் புத்தகத்திலும்!

"யாருடி அந்தக் கடைக்காரன்? புஸ்தகத்தை வாடகைக்கு விடறானா, கிழிச்சுப் பொட்டலம் கட்டறானா?" இந்திராணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சோடோம்மா, விட்டுடு. டிராகன் தூங்கிடுத்து. கதை கதம், முடிஞ்சுடுத்து" என்றாள் ஒன்பது வயது விஜி.

"போன வாரமும் தூங்கித்து. அதுக்கு முந்தின வாரமும் தூங்கித்து. எப்பவும் தூங்கிண்டே இருக்குமா?"

விஜி ஒரு வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் ஜனவரி வெயில் இதமாக விழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அம்மா படுத்திருப்பாள். விஜி பழைய அமெரிக்கக் காமிக்ஸை வைத்துக்கொண்டு, பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாகக் கதை சொல்லுவாள். அவள் வாயில் அமெரிக்கா டில்லி ஆகிவிடும். மலை மாதிரி பச்சை டிராகன் குதுப்மினாரில் முதுகைச் சொறிந்துகொள்ளும். யமுனையில் வாய் வைத்தால் பாதி ஆறு காலி. காலையில் கண்ணை மறைக்கிற பனிமூட்டம் இருக்கிறதே, அது அதன் மூச்சுதானாம். நீல அங்கி போட்ட ஹீரோ ஒருவன் கொசு மாதிரி அதைச் சுற்றிப் பறப்பான்.

ஹீரோவைப் பற்றி இந்திராணிக்குக் கவலையில்லை. கண்ணை மூடினால் அவள் படுத்திருப்பது கயிற்றுக் கட்டிலில் அல்ல. வெதுவெதுப்பான ஒரு பச்சை முதுகின் மேல். அது மெல்ல மூச்சு விடும். அவளும் கூடவே ஏறி இறங்குவாள். கீழே பஸ்களும் ஸ்கூட்டர்களும் எறும்பாக ஊரும்.

"அப்புறம்?" என்பாள்.

அந்த 'அப்புறம்' அந்த வீட்டில் பல மாதங்களாகக் கேட்காத வார்த்தை. மழைக்காலத்தில் பிறந்த இரண்டாவது குழந்தை, பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. அன்றிலிருந்து இந்திராணி தெருவில் இறங்கவில்லை. யாரோடும் சரியாகப் பேசவும் இல்லை.

அவள் கணவர் ராமசுப்ரமணியனோ மறுநாளே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனவர். அதற்கப்புறம் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கல் நெஞ்சு என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். காப்பிப்பொடி வாங்கப் போகும்போது விஜிக்குக் காமிக்ஸ் எடுத்து வருவதும் அவர்தான். "இதெல்லாம் ஒரு கதையா?" என்று முணுமுணுத்துவிட்டுப் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

இந்திராணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"செருப்பைப் போட்டுக்கோ. கடையைக் காட்டு."

"நீ வரப் போறியா? சச்? நிஜமாவா?" விஜி வாயைப் பிளந்தாள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், காப்பி வறுக்கிற வாசனைக்குப் பக்கத்தில் அந்தக் கடை. கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய புத்தகங்களில் விஜி உடனே முங்கிவிட்டாள். உள்ளே கடைக்காரர் அந்தோணி, நாகர்கோவில்காரர், ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தார்.

இந்திராணி புத்தகத்தை மேஜை மேல் போட்டாள். "கடைசிப் பக்கம் எங்கே?"

அந்தோணி புத்தகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வெளியே நின்ற விஜியைப் பார்த்தார்.

"நான்தாம்மா எடுத்தேன். மன்னிச்சுக்கோங்க."

"ஏன்?"

"அந்தப் பக்கம் அவ்வளவு நல்லா இல்லம்மா."

"நன்னா இருக்கா இல்லையான்னு நீங்க யாரு தீர்மானம் பண்றது? குழந்தைகளை இப்படி ஏமாத்தலாமா? எங்காத்துக்காரர் கிட்ட சொன்னேன்னா, நாலு பேருக்கு முன்னாடி உங்களை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பார்!"

அந்தோணிக்கு என்னவோ சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அடக்கிக்கொண்டார்.

"புக்கு திரும்பி வந்ததும் பிசின் தடவி ஒட்டிடுவேம்மா. மத்தவங்களுக்கெல்லாம் முழுசாத்தான் போகுது."

"அப்போ எங்களுக்கு மட்டும் கிழிச்ச புஸ்தகமா? அந்தப் பக்கத்தைக் குடுங்கோ இங்கே!"

"வேண்டாம்மா."

"குடுங்கோன்னா!"

அவர் தயங்கித் தயங்கி மேஜை டிராயரைத் திறந்தார். அவர் எடுத்து நீட்டுவதற்குள் இந்திராணி பிடுங்கிக்கொண்டாள்.

ஹீரோ கையை உயர்த்தி நின்றான். ஊரே கை தட்டியது. கீழே, கடலோரத்தில், டிராகன் விழுந்து கிடந்தது. அத்தனை பெரிய உடம்பு எப்படியோ சுருங்கிவிட்டிருந்தது. கண் மூடியிருந்தது. அது தூக்கமில்லை என்று பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்தது. அந்த மாதிரி மூடின கண்களை அவள் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தோணி அவசரமாக ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். வெளியே விஜி ஏதோ படத்தைப் பார்த்துக் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ பாத்தா அழுவான்னுதானே எடுத்தேள்? எனக்குப் புரியாம கத்திட்டேன்" என்றாள் இந்திராணி. "நல்ல மனசு உங்களுக்கு."

"ஐயோ, என் மனசு இல்லம்மா." அந்தோணி மப்ளரை அவிழ்த்தார், மறுபடி சுற்றிக்கொண்டார். "சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்டு சார் சத்தியம் வாங்கியிருக்காரு. ஒவ்வொரு வாரமும் இதே ஸ்டூல்ல உக்காந்து, முதல்ல சார்தான் முழுசாப் படிச்சுப் பாப்பாரு. டிராகன் செத்துச்சுன்னா அவர் கையாலயே அந்தப் பக்கத்தை எடுத்துருவாரு."

"விஜிக்காகவா?"

"நானும் அப்படித்தாம்மா கேட்டேன். 'பொண்ணு தாங்கிப்பா, அந்தோணி. கேட்டுண்டு படுத்திருக்காளே அவ அம்மா, அவளுக்குத்தான் இன்னொரு சாவு தாங்காது'ன்னு சொல்லிட்டு, இங்கேயே உக்காந்து அழுதுட்டாரும்மா."