தாடியே சாவி

தணிகாசலம் சபரிமலைக்கு மாலை போட்டதும் வீட்டையே நடத்தும் கணினியின் அமைப்புகளை விரதத்துக்கு மாற்றினார். விடியற்காலையில் பச்சைத்தண்ணீர்க் குளியல், வெங்காயம் பூண்டு இல்லாத சமையல், படுக்கத் தரையில் பாய். மச்சினன் வந்து ஆம்லெட்டுக்கு மாற்றிவிடுவான் என்று பயந்து, தாடி வளர்ந்ததும் அந்த முகத்தையே சாவியாக வைத்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்.

மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றி, மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்து நின்றார்.

“பூட்டைத் திற. மட்டன் பிரியாணி செய்யணும்.”

“அதைச் சாமிதான் சொல்லணும்,” என்றது வீடு. “நீங்க சாதாரணப் பயனர்.”

“நான்தான்யா அந்தச் சாமி.”

“அவருக்குத் தாடி இருக்கும்.”

வேறு வழியில்லாமல் மறுபடி தாடி வளர்த்தார். அதுவரை கட்டில் சுவரோடு மடங்கியே கிடந்தது. பீர் பாட்டிலைக் கண்டால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கவே இல்லை. மனைவி வசுமதி மட்டும் கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத நிம்மதியோடு வளைய வந்தாள்.

தாடி ஒருவழியாக முழுசாக வளர்ந்துவிட்டது என்று ஒரு நாள் எழுந்ததும் ஆசையாகக் கண்ணாடியைப் பார்த்தார். இடது கன்னத்தில் ஒரு முடிகூட இல்லை.

பின்னால் வசுமதி ரேஸரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருங்களேன், சாமி.”