சந்தேகத்துக்குரிய கோப்பு

பிடித்துவிட்டது.

திரையில் அந்தச் சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி துள்ளி வந்ததும் தினகரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சோதனைக்கு வந்திருந்த அந்த ஆன்ட்டிவைரஸ் காலையிலிருந்து உருப்படியாக ஒன்றையும் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே அவிழ்த்துவிட்ட அசல் வைரஸ்களையெல்லாம் கும்பிடு போட்டு உள்ளே அனுப்பியது. இப்போது போய் ரோஷம் வந்து இதைப் பிடித்திருக்கிறது.

வைரஸை விட்டுப் பார்ப்பது சோதனையில் பாதிதான். ஒரு பாவமும் அறியாத நிரல்களை விட்டு, அவற்றையும் வீணாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பது மீதி.

அந்த மீதி, பக்கத்து மேசைப் பூங்கொடியின் வேலை.

அந்த அப்பாவிக் கூட்டத்துக்குள்தான் அவன் தான் எழுதிய சின்ன நிரல் ஒன்றை நைசாக நுழைத்து வைத்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தனியாகத் திறந்து பார்ப்பாள். அந்நேரம் அவன் எதிர் பேக்கரியில் டீ கிளாஸுக்குப் பின்னால் ஒளிந்திருப்பான். திட்டம் அவ்வளவுதான்.

பிடிபடும் என்று அவன் நினைக்கவில்லை. வைரஸ் சோதனையே தொழிலாக இருப்பவனுக்கு அது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை.

வீணாகப் பிடிபட்டதை இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து திறந்து பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். அது அந்தச் சோதனைக்கூடத்தின் வழக்கம். வழக்கம் வைத்த மகராசனை அவன் மனதாரத் திட்டினான்.

"தினகரன், நீங்க எழுதறீங்களா?"

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள் பூங்கொடி.

வெளியுலகத் தொடர்பே இல்லாத கணினியில் அதைத் திறந்தாள்.

"நெட் பக்கம் போகலீங்க."

எழுதினான்.

"எந்த ஃபைலையும் தொடலை."

எழுதினான்.

"ஒரு ஜன்னல் திறக்குது."

அவள் திரையை நோக்கிக் குனிந்தாள்.

ஜன்னலில் இப்படி இருந்தது: 'பூங்கொடி, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? தினகரன்.'

கீழே இரண்டு பொத்தான்கள். சம்மதம். சம்மதமில்லை.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு வேர்த்தது.

அவள் சம்மதமில்லை என்பதை அமுக்கினாள்.

'பரவாயில்லைங்க' என்று ஒரு வரி வந்தது. ஜன்னல் தானாக மூடிக்கொண்டது. அந்த ஒற்றை வரியைத்தான் அவன் அடித்து அடித்துத் திருத்தி எழுதியிருந்தான்.

"ஒழுங்கா வெளியேறுது. எதையும் உடைக்கலை. எழுதுங்க."

எழுதினான். எப்படி எழுதினான் என்று கேட்கக் கூடாது.

எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைத் தள்ளினான்.

அவள் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். எதுவுமே நடக்காத நிலைக்கு. மறுபடி அதே கோப்பைத் திறந்தாள். அதே ஜன்னல். அதே கேள்வி.

"எங்க போறீங்க? ரெண்டு பட்டனையும் அமுக்கிப் பாக்காம ரிப்போர்ட் குடுக்கலாமுங்களா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அது அடங்குகிற சிரிப்பாக இல்லை.

அவனுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் உறைத்தது.

சம்மதம் என்பதை அமுக்கினால் அடுத்து என்ன ஆக வேண்டும் என்று அவன் எழுதவே இல்லை. கதை அதுவரைக்கும் போகும் என்று நினைத்திருந்தால்தானே எழுதுவான்?

அமுக்கினாள்.

ஜன்னல் அப்படியே நின்றது.

"ஒண்ணுமே நடக்கலீங்களே," என்றாள் பூங்கொடி.

அவள் திரையைப் பார்க்கவில்லை.