கிடங்கில் முளைத்த கம்பு

"இந்தா, இன்னொண்ணு!" என்று மருதி எறும்பு, முளைவிட்ட கம்பு மணி ஒன்றை மேஸ்திரி எறும்பின் முன் உருட்டிவிட்டது. "எல்லாம் காத்தாயி அடுக்கினது. குப்பைமேட்டுல கெடந்தவளக் கிடங்குல விட்டா இப்படித்தான், தோட்டம் போட்டுருவா."

காத்தாயி எறும்பு வாசலைப் பார்த்தபடி நின்றது. கிடங்கு முளைத்துப்போனால் மழைக்காலத்தில் புற்றே பட்டினி கிடக்கும். தன்னைத் திரும்பவும் குப்பைமேட்டுக்குத்தான் அனுப்புவார்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மேஸ்திரி வயதில் இளையது. "உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி முளை வர்ற முனையக் கடிச்சு எடுத்துடணும். உங்களுக்கு யாரும் சொல்லலையாக்கா?" என்றது.

"தூக்கு, அடுக்குன்னாங்க. அவ்வளவுதான்."

"நான் சொல்லியிருக்கணும். மருதி, நீ ஒண்ணு கடிச்சுக் காட்டு."

மருதிக்கு உடனே வெளியே ஏதோ வேலை நினைவுக்கு வந்தது.

மேஸ்திரியே ஒரு மணியைப் புரட்டி, கூர்முனையைக் கடித்துக் காட்டியது. காத்தாயி முயன்றபோது மணி இரண்டாக உடைந்தது. அடுத்ததும் உடைந்தது.

"உடையட்டும்க்கா, தின்னுக்கலாம். இன்னொண்ணு எடுங்க." முனை மட்டும் தனியே வரும்வரை மேஸ்திரி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பொழுது சாய்ந்தது. மருதி தான் சுமந்துவந்த மணிகளைக் கிடங்கில் அடுக்கிவிட்டு மற்றவர்களோடு கிளம்பிப் போனது. காத்தாயி அவற்றைப் புரட்டிப் பார்த்தது. ஒன்றில்கூடக் கடித்த தடம் இல்லை. முதல் மணியைத் தன் பக்கம் இழுத்து, முனையைத் தேடிக் கடிக்கத் தொடங்கியது.